பெத்லகேம் சென்ற குறத்தி: தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

காசிக்குச் செல்ல இயலாத தென்னாட்டாருக்காகக் காசியையே தெற்கே கொண்டுவந்து வைத்த ஊர் தென்காசி. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய விசுவநாதர் கோயில் அதற்குச் சான்றாக நிற்கிறது. தொலைவிலுள்ள புனித நிலத்தைத் தம் மண்ணின் மணத்தோடு மீண்டும் படைத்துக்கொள்ளும் இவ்வழக்கம் தமிழரில் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் உள்ள மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குற்றாலநாதர் மீது குறவஞ்சி ஒன்று பாடினார். வசந்தவல்லி காதல் கொள்வதும், குறத்தி மலைவளம் சொல்லிக் கை பார்ப்பதும், சிங்கன் சிங்கியைத் தேடி அலைவதும் இப்பகுதியினர் இளமைமுதல் கேட்டு வளர்ந்தவை. குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. அந்நூலில் தோய்ந்து திளைத்ததையும் இங்குள்ள அன்பர்கள் அறிவர். அக்குறவஞ்சி தோன்றி ஒரு நூற்றாண்டு நிறைவதற்குள், அதே குறத்தியை யூதேயா நாட்டுப் பெத்லகேமுக்கு அழைத்துச் சென்றார் மற்றொரு நெல்லைச் சீமைக் கவிஞர். அவரே வேதநாயக சாஸ்திரியார்.

பெயர் ஒற்றுமையால் இவரை, பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு சேர்த்துக் குழப்புவோர் இன்றும் உளர். பிள்ளையவர்கள் பிறந்தது 1826இல்; அப்போது சாஸ்திரியாருக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. பிள்ளையவர்கள் கத்தோலிக்கர், சாஸ்திரியார் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர்.

1774ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7ஆம் நாள் திருநெல்வேலியில் வேதநாயகம் பிறந்தார். தந்தையார் சைவ வேளாளர் மரபில் அருணாசலமாகப் பிறந்து, கத்தோலிக்க சமயம் தழுவித் தேவசகாயம் ஆனவர், பின்னர்ச் சீர்திருத்தச் சபைக்கு வந்தவர், தமிழறிந்தவர். ஒரே வாழ்நாளில் மூன்று சமய நெறிகளைக் கண்ட தந்தையின் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, சமயம் என்பது பழகிப்போன பரம்பரைச் சொத்தாக மட்டும் இருந்திருக்க முடியாது. அதைக் குறித்து வீட்டில் பேச்சு நிகழ்ந்திருக்கும். விலையும் கொடுக்க நேர்ந்திருக்கும்.

நெல்லைச் சீமையில் சீர்திருத்தச் சபை அப்பொழுதுதான் முளைவிட்டுக்கொண்டிருந்தது. தஞ்சையிலிருந்து வந்த பிராமண விதவையான குளோரிந்தா என்னும் அம்மையார் 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றார். 1780இல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் இருந்தவர்கள் நாற்பது பேர். அவ்வம்மையார் முன்னின்று கட்டிய சிற்றாலயத்தை 1785இல் சுவார்ட்ஸ் வந்து பிரதிட்டை செய்தார். அந்தத் தொடர்பிலேயே, ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுச் சிறுவனான வேதநாயகம் அவர் பார்வையில் பட்டார். சிறுவனைத் தம்முடன் தஞ்சைக்கு அனுப்புமாறு சுவார்ட்ஸ் கேட்க, தந்தையார் இசைந்தார்.

சுவார்ட்ஸ் எத்தகையவர் என்பதை ஓரளவு சொன்னாலன்றி வேதநாயகத்தின் உள்ளம் விளங்காது. செருமனி நாட்டு ஹாலே நகரில் தழைத்த பக்தி இயக்கத்தின் வழிவந்தவர் அவர். கோட்பாட்டை மனப்பாடம் செய்வது போதாது. ஒவ்வொருவரும் தம் உள்ளத்தில் பாவத்தையும் மன்னிப்பையும் உணர்ந்தறிய வேண்டும். நாள்தோறும் தியானமும் பாட்டும் வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் சாரம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் முதலாக அங்கு வந்தோர் பெரும்பாலும் இந்நெறியினரே. 1750இல் இந்தியா வந்த சுவார்ட்ஸ் தமிழ், மராத்தி, பாரசீகம் முதலிய மொழிகளில் பழகியவர். ஐதர் அலியிடம் தூது சென்றவர். தஞ்சை அரண்மனையில் நம்பிக்கை பெற்றவர். மணம் செய்துகொள்ளாத அவர் இல்லத்தில் பிள்ளைகள் பலர் வளர்ந்தனர். தஞ்சை இளவரசர் சரபோஜிக்கும் அவரே காப்பாளர் ஆனார். சரபோஜி வேதநாயகத்துக்கு மூன்றாண்டு இளையவர். பின்னாளில் ஒருவர் அரியணையிலும் ஒருவர் பள்ளியிலுமாகப் பிரிந்தபோதும், ஒரே ஆசானின் அன்பில் வளர்ந்த உறவு இருவர்க்கும் இடையே அறவில்லை.

தஞ்சையிலிருந்து தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்ட வேதநாயகம் அங்கு இறையியலோடு வேறு பலவும் கற்றார். ஆசிரியர்களுள் டாக்டர் ஜான் கடல்வாழ் உயிரினங்களைச் சேகரித்து ஆய்ந்தவர். ராட்லர் தாவர நூல் வல்லவர், பிற்காலத்தில் தமிழகராதி தொகுத்தவர். படைப்பை அறிவது படைத்தவனை அறிவதற்கு வழி என்பது அவர்கள் கொள்கை. கதிரவனை நடுவாகக் கொண்டு கோள்கள் சுழல்கின்றன என்னும் கோப்பர்னிக்கசின் வானநூலும், உலகப் படமும், கணிதமும் வேதநாயகத்துக்கு வேதப்பாடத்தோடு சேர்ந்தே வந்தன. 1794இல், இருபது வயதை எட்டும் முன்னரே, தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியராக அமர்த்தப்பட்டார். 1798 பிப்ரவரி 13இல் சுவார்ட்ஸ் மறைந்தார். அதே ஆண்டில் சரபோஜி அரசரானார்.

ஆசான் மறைந்து இரண்டாண்டுகளில் பிறந்தது பெத்லகேம் குறவஞ்சி. 1800இல் இயற்றி, பின்னர் 1820இல் திருத்தியும் அமைத்தார். அன்றைய தஞ்சை, குறவஞ்சியை நன்கறிந்த நகரம். சரபோஜி மன்னர் மீதே கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் குறவஞ்சி பாட, அது பெரிய கோயிலில் ஆடப்பட்டு வந்தது. எனவே புதிய கருத்தொன்றைச் சொல்ல வந்த கவிஞர் மக்கள் நாவில் பழகிய வடிவத்தைத் தேர்ந்தார் என்று கூறி அமைந்துவிடலாம். ஆனால் செய்தி அவ்வளவில் முடியவில்லை.

குறவஞ்சியின் உறுப்புகள் ஒவ்வொன்றும் அவர் கையில் இறையியலாக மாறுகின்றன. வீதியுலா வருபவர் பெத்லகேம் நாதர். அவரைக் கண்டு காதல் கொள்ளும் தலைவி தேவமோகினி, அவள் திருச்சபை. சாலொமோனின் உன்னதப்பாட்டும், மணவாளனுக்காகக் காத்திருக்கும் மணவாட்டியைக் கூறும் வெளிப்படுத்தின விசேஷமும் அவளுக்குப் பின்னே நிற்கின்றன. ஹாலே பக்தர்கள் இயேசுவை ஆன்மாவின் மணவாளராகப் பாடிய மரபும், ஆழ்வாரும் நாயன்மாரும் தம்மைத் தலைவியாக வைத்து உருகிய மரபும் இவ்விடத்தில் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. இரண்டையும் தாய்மொழிபோல் அறிந்த ஒருவருக்கே இச்சந்திப்பு வாய்க்கும். இடையிடையே கோள்களின் இயக்கமும் உலக நாடுகளின் பெயர்களும் வந்து நிற்பது இன்றைய வாசகருக்குச் சற்றுப் பாரமாகத் தோன்றலாம். அவருக்கோ அதுவும் துதியின் ஒரு பகுதியே.

நூலின் உயிர்நிலை குறத்தியிடம் இருக்கிறது. தேவமோகினியின் கையைப் பற்றிக் குறி சொல்ல வருகிறாளே, அந்தக் குறத்தி யார்? அவள் விசுவாசம். அவளைத் தேடி வரும் சிங்கன் சுவிசேஷப் பணியாளனின் உருவம். அவன் விரிக்கும் வலை நற்செய்தி. அதில் அகப்படுவன மனித ஆன்மாக்கள். விசுவாசம் மாட மாளிகையில் இல்லை. மறைநூல் கற்ற மண்டபத்திலும் இல்லை. மலையில் பிறந்து, கூடை சுமந்து, ஊர் ஊராகத் திரிந்து, தெருவில் நின்று குரல் கொடுக்கும் ஒருத்தியாக அது வருகிறது. உயர்குலத் தலைவி அவளை உள்ளே அழைத்து, தன் கையை அவள் கையில் கொடுத்து, தன் நாயகனைப் பற்றிய உண்மையை அவள் வாயால் கேட்கிறாள். குறவஞ்சி இலக்கணம் வகுத்த காட்சிதான் இது, புதிதாகப் புனைந்ததன்று. ஆயினும் அக்காட்சியில் விசுவாசத்தைக் குறத்தியாக்கியபோது, தாம் எழுதியதன் முழுப் பொருளைக் கவிஞர் உணர்ந்திருந்தாரா என்ற வினா அவர் பிற்கால வாழ்க்கையைப் படிப்பவர் மனத்தில் எழாமல் இராது.

குறவஞ்சியோடு அவர் நிற்கவில்லை. ஞானத்தச்ச நாடகம், ஞான நொண்டி நாடகம், ஞான உலா, ஆதியானந்தம், பேரின்பக் காதல், ஜெபமாலை எனப் பெருகியவை நூற்றுக்கும் மேல் என்பர். கும்மி, நொண்டி, உலா எனத் தமிழ்ச் சிற்றிலக்கிய வடிவம் அவர் கைபடாதது அரிது. மூடநம்பிக்கைகளைச் சாடும் சாஸ்திரக் கும்மியின் எள்ளல் இன்று பிற சமயத்தார் மனத்தைப் புண்படுத்தக் கூடியது. அக்காலச் சமயவாதத்தின் சூடு அதில் உண்டு. சபையார் அவரைச் சுவிசேஷ கவிராயர் என்று போற்றினர். தம் பாடல்களைத் தாமே பாடியும் விளக்கியும், மகளார் ஞானதீபம் அம்மாளோடும் மாணவரோடும் ஊர்தோறும் சென்றார்.

1820ஐ ஒட்டி நிலைமை மாறத் தொடங்கிற்று. சுவார்ட்சின் தலைமுறை மறைந்து, வேறு மனப்பாங்குடைய இளைய குருமார் வந்தனர். சுவார்ட்ஸ் காலத்தில் தஞ்சை ஆலயத்துள் வேளாளர் ஒரு புறமும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒரு புறமும் அமர்ந்தனர். திருவிருந்திலும் முன்பின் இருந்தது. காலம் அதைக் கரைக்கும் என்று பழைய குருமார் பொறுத்துக்கொண்டனர். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பணிபுரிந்த ஹௌப்ரோ முதலியோர் அப்பொறுமையைப் பாவமென்று கருதினர். ஒரே பாயில் அமர வேண்டும், ஒரே கிண்ணத்தில் பருக வேண்டும் என்றனர். அத்தோடு நின்றாரில்லை. திருமணத்திலும் அடக்கத்திலும் பூச்சூட்டுவது புறச்சமய வழக்கம் என்று விலக்கினர். ஆலயத்தில் தமிழிசையைத் தவிர்க்கச் செய்தனர். பப்ரீசியுஸ் என்னும் பெரியார் மொழிபெயர்த்த, மக்கள் நெஞ்சில் பதிந்துவிட்ட திருமறையின் நடையை ரேனியஸ் மாற்றி அமைக்க முற்பட்டார்.

சாஸ்திரியார் கொதித்தெழுந்தார். 1829இல் தஞ்சைச் சபையாரின் குறைகளைத் தொகுத்துரைத்தபோது, வேதத்தை மாற்றியது, சாதிகளைக் கலக்க வற்புறுத்தியது, பூவை விலக்கியது, தமிழ்ப் பாட்டை நிறுத்தியது ஆகிய நான்கையும் நான்கு கொடுமைகளாக அவர் ஒரே வரிசையில் வைத்தார். சாதி என்பது உலகியல் மரியாதை. ஐரோப்பியரிடையே பிரபுவுக்கும் பணியாளுக்கும் உள்ள வேறுபாடு போன்றது. அது விசுவாசத்தைத் தொடாது என்பது அவர் வாதம். அவர் சினத்தில் ஒரு நியாயம் இருந்தது. மாலையும் மேளமும் கீர்த்தனையும் பேய்வழிபாடு என்று அயலார் ஒருவர் தீர்ப்புக் கூற, தாம் கிறிஸ்துவின் காலடியில் வைத்த தமிழ் முழுவதும் குப்பையென ஒதுக்கப்படுவதை அவர் எங்ஙனம் பொறுப்பார்? ஆனால் அந்த நியாயத்தின் நிழலில் ஓர் அநியாயத்தையும் அவர் ஒளித்து வைத்தார். பூவும் பாட்டும் எவரையும் வாசலுக்கு வெளியே நிறுத்துவதில்லை, சாதி நிறுத்துகிறது. இரண்டையும் பண்பாடு என்ற ஒரே முடிச்சில் கட்டியது அவர் வாழ்வின் பெரும்பிழை. எதிர்த்தரப்பினரும் அம்முடிச்சை அவிழ்த்துப் பார்க்கவில்லை. முடிச்சோடு சேர்த்து எறிந்துவிட முயன்றனர்.

ஆலயத்தின் மறுபுறம் அமர்ந்திருந்தவர்கள் இந்நான்கு கொடுமைகளைப் பற்றி என்ன எண்ணினர் என்பது ஏடுகளில் மிக அரிதாகவே கேட்கிறது. எழுத்தறிவும் அரண்மனைத் தொடர்பும் ஒருபுறமே இருந்தன.

சாஸ்திரியார் விட்டுவந்த நெல்லைச் சீமையில் இதற்குள் வேறொரு வரலாறு நடந்தேறிக்கொண்டிருந்தது. 1799இல் சுந்தரானந்தம் தாவீது என்னும் உபதேசியார் முயற்சியால், துன்புறுத்தலுக்கு ஆளான புதுக் கிறிஸ்தவர்களுக்கென்று முதலூர் என்ற குடியிருப்பு எழுந்தது. அங்குக் கூடியவர் நாடார் குலத்து உழைப்பாளிகள். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், தாம் நடத்திய பள்ளியில் எல்லா வகுப்பு மாணவரும் ஒன்றாக உண்ண வேண்டும் என்பதில் விடாப்பிடியாக நின்றார். மேற்கே நல்லூர், சுரண்டை முதலிய ஊர்களில் சபைகள் தோன்றி, தென்காசி வட்டாரத்தை எட்டின. இச்சபைகளுக்கு வந்தோர் பலர்க்கு மனமாற்றம் என்பது ஆன்மாவின் மீட்பாகவும் தெருவில் நிமிர்ந்து நடக்கும் உரிமையாகவும் ஒருங்கே இருந்தது. சாஸ்திரியாரின் வாதம் இவர்களிடம் எடுபட வழியில்லை.

தஞ்சையில் பூசல் முற்றி, மிஷன் பணி அவர் கையைவிட்டுப் போயிற்று. பழைய தோழரான சரபோஜி மன்னர் அவரை அரண்மனைப் புலவராக ஆதரித்தார். உலக நூல்களும் வானநூல் கருவிகளும் நிறைந்த அவ்வரண்மனையில், கிறிஸ்துவைப் பாடும் புலவர் ஒருவர் இந்து மன்னரின் சோற்றை உண்டு வாழ்ந்தார். தம் சபை ஒதுக்கியவரை வேற்றுச் சமயத்தவர் தாங்கினார். 1832இல் மன்னர் மறைந்தபின் அவ்வாதரவும் நீடிக்கவில்லை. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றாகவும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையில் வேளாளக் கிறிஸ்தவர் பலர் ஆலயத்தை விட்டு வெளியேறினர். 1835இன் தொடக்கத்தில் அத்தியட்சர் நேரில் வந்தும் பிளவு முழுமையாக ஆறவில்லை. அப்போது சாஸ்திரியார் அறுபதைக் கடந்தவர்.

அதன்பின் அவர் வாழ்ந்த முப்பது ஆண்டுகளில் சிறு வியப்பொன்று நிகழ்ந்தது. அவர் பாட்டைத் தேடி வந்தவர், சாதியை எதிர்ப்பதில் எவர்க்கும் இளைக்காத அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர். எட்வர்டு வெப் என்னும் அக்குருவானவர், மேனாட்டு மெட்டில் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகள் கிராமத்தார் வாயில் நுழையாமை கண்டு, தமிழ் இராகத்தில் அமைந்த பாடல்களை நாடினார். முதிய கவிஞரிடமிருந்து பாடல்களும் மெட்டுகளும் பெற்றுத் தொகுத்து 1853இல் அச்சிட்டார். இன்று சபைகள் வழங்கும் கிறிஸ்தவக் கீர்த்தனை நூலுக்கு அதுவே வித்து. தஞ்சையில் வாயிலடைக்கப்பட்ட பாட்டு மதுரை வழியாகத் தமிழ்நாடு முழுவதும் நுழைந்தது. சாதியைப் பற்றிய அவர் வாதத்தை எவரும் உடன் கொண்டுசெல்லவில்லை. முடிச்சு, அவிழ்ப்பாரின்றித் தானே அவிழ்ந்தது எனலாம். சாதியோ சபையை விட்டு அவ்வளவு எளிதில் நீங்கவில்லை என்பது வேறு.

1864 ஜனவரி 24இல், தொண்ணூறு வயதை நெருங்கிய நிலையில், தஞ்சையில் சாஸ்திரியார் காலமானார். அவர் வழிவந்தோர் சாஸ்திரியார் என்ற பட்டத்தோடு கதாகாலட்சேபக் கலையைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வருகின்றனர்.

அவர் விட்டுச்சென்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. 1980களில் தலித் இறையியல் இந்தியத் திருச்சபையில் குரலெடுத்தபோது, மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு, சாஸ்திரியார் செய்ததையே மறுதிசையிலிருந்து செய்தார். பறட்டை என்ற புனைபெயர் கொண்ட அவர், கீர்த்தனையின் இராகமும் வடமொழி கலந்த நடையும்கூட மேற்குலத்தார்க்கே உரியவை என்றார். வயற்காட்டுப் பாட்டையும் பறையையும் ஆராதனைக்குள் கொணர்ந்தார். ஊரார் அனைவரும் ஒரே உலையில் பொங்கி உண்பதே திருவிருந்தின் பொருள் என்று கற்பித்தார். சாஸ்திரியார் மறுத்த பந்தியும் சாஸ்திரியார் காத்த மண்ணின் பாட்டும் அவரிடம் ஒன்றுசேர்ந்தன. 2005இல் அவர் மறைந்தார்.

2019 முதல் தனி மாவட்டமாகியுள்ள தென்காசியின் சிற்றூர்ச் சபைகளில், சாஸ்திரியார் வழிவந்த கீர்த்தனையை இன்று பாடுவோருள் பெரும்பாலோர், தஞ்சை ஆலயத்தில் அவரோடு ஒரே பாயில் அமர இடம் பெற்றிருக்க மாட்டாதவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் அவரை விலக்கவில்லை. மார்கழிக் குளிரில், விடியுமுன், பெட்ரோமாக்ஸ் போய் மின்விளக்கு வந்த தெருக்களில், கஞ்சிராவும் தாளமுமாக வீடு வீடாகப் பாடிச் செல்கின்றனர். அவர் குறத்தி வந்ததும் அப்படித்தான், தெருவழியாக.